மிஷன் பள்ளியின் நோக்கம் யாது?

கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்கள் எதற்காக ஏற்பட்டன என்று கேட்டால், நம்மவருள் ஒரு சாரார் "ஆள் பிடிப்பதற்காக" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவர். மற்றொரு சாரார், இருண்டு கிடந்த நாட்டில் அறிவு விளக்கு ஏற்றுவதற்காக என்று கண்ணில் நீர் மல்கக் கூறுவர். தோட்டக் காரியாலயங்களில் இக்கேள்வியைப் போட்டால் மூன்றாவது விடை ஒன்றும் வரும்: "கிராணி வேலைக்காக." மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும், பள்ளிக்கூடத்தைக் கட்டினவனுடைய மனத்தையோ, அதில் படித்து வெளியேறினவனுடைய சம்பளத்தையோ பார்த்துச் சொல்லப்பட்ட விடைகளேயன்றி, பள்ளிக்கூடத்தின் உள்ளே நடந்ததைப் பார்த்துச் சொல்லப்பட்டவை அல்ல. உள்ளே யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்? யார் அந்த வாயிற்படியை மிதிக்கவே இல்லை? இவ்விரண்டு கேள்விகளையும் வாசகர்கள் முன் வைப்பதே நமது கருத்து.

நாம் எழுதுவது தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து. கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், கோல லங்காட் மாவட்டத்தில் உள்ள ஊர் இது. ஆற்றுக்கு அப்பால் கேரித் தீவு. ஒரு காலத்தில் ரப்பர், இப்பொழுது செம்பனை, செம்பனையும் பல இடங்களில் தொழிற்சாலைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டது. இத்தகைய ஊரில் இருந்துகொண்டு மிஷன் பள்ளியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. மலாயாத் தோட்டங்களில் மண்வெட்டியும் பால்வாளியும் பிடித்தவர்கள் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். பேனா பிடித்தவர்களுள் பெரும் பகுதியார் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளை நிரப்பிய குமாஸ்தாக்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் அநேகமாக யாழ்ப்பாணத்தாரே. அவர்கள் கையில் அந்தப் பேனாவைக் கொடுத்தது ஆங்கிலப் பள்ளி; யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பள்ளி என்றால் பல தலைமுறைகளுக்கு அது மிஷன் பள்ளியாகவே இருந்தது. ஆகவே ஒரு தோட்டக் காரியாலயத்து மேசையின் வரலாற்றை எழுதப் புகுந்தால், வட்டுக்கோட்டையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியையும், அதற்கு அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கென ஒரு விடுதிப் பள்ளியையும் நிறுவினர். செமினரியில் வேதாகமத்தோடு ஆங்கிலமும், தமிழ் இலக்கியமும், கணிதமும், வானசாஸ்திரமும் கற்பிக்கப்பட்டன. சென்னைச் சர்வகலாசாலை முதன்முதலாகப் பட்டம் வழங்கியது 1857இல். அதனைப் பெற்ற கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஏட்டுச் சுவடிகளில் செல்லரித்துக் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சில் ஏற்றி நமக்களித்தவர் அத்தாமோதரம்பிள்ளையே. அந்நியன் பள்ளியில் படித்தவன் தாய்மொழியை மறந்துவிடுவான் என்று சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் கூறுவார்களோ அறியோம்.

உடுவில் பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெண் எழுத்துக் கற்றால் குடும்பத்துக்கு இழுக்கு என்று எண்ணிய காலம் அது. 1840இல் அங்கு வந்து சேர்ந்த எலிசா ஆக்னியூ என்னும் அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அப்பள்ளியை நடத்தினார். சொந்த நாட்டுக்கு ஒரு முறையேனும் திரும்பவில்லை. 1883இல் யாழ்ப்பாணத்து மண்ணிலேயே உயிர் நீத்தார். அவரிடம் படித்த பெண்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர் எண்ணத்தில் மதம் இருந்ததா என்றால், இருந்தது. அதனை அவர் மறைக்கவுமில்லை. ஆனால் படித்த தாய் ஒருத்தியின் மகள் படிக்காமலிருப்பது அரிது. அந்த மகளின் மகளும் அப்படியே. அம்மையாரின் எண்ணம் அவரோடு அடங்கிவிட்டது. பாட்டியும் தாயும் மகளும் என்று தொடர்ந்த எழுத்தறிவு அடங்கவில்லை.

நிற்க. இனி, எதிர்க்கட்சியார் கூறுவதைக் கேட்போம். அக்காலத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் இலவசமாகக் கொடுத்தார்கள். உடுவிலில் படித்த பெண் கிறிஸ்தவ இளைஞனை மணந்தால் மிஷன் சீதனமும் கொடுத்தது. இவற்றையெல்லாம் தர்மம் என்று சொல்லலாமா? லங்காட் ஆற்றங்கரையில் தூண்டில் போடுகிறவன் மீனுக்குப் பசி தீர்க்கவா புழுவைக் கோத்துப் போடுகிறான்? கைம்மாறு கருதிச் செய்யும் உதவி உதவியாகுமா? இக்கேள்வி நியாயமானது, இதைத் தட்டிக் கழிப்பதற்கில்லை. ஏழை ஒருவனுடைய வயிற்றுப் பசியைக் காட்டி அவன் மனச்சாட்சியை விலைபேசுவது, அதை எந்த மதத்தார் செய்தாலும், இழிவான வியாபாரமே என்பது நமது அபிப்பிராயம். அன்னசத்திரத்தில் ஜாதி கேட்டு இலை போடுகிற நமது பக்தர்களுக்கும் இது பொருந்தும் என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்லுகிறோம்.

ஆனால் இந்தத் தூண்டில் கதைக்கு ஒரு விசித்திரமான பிற்பகுதி உண்டு. இரையைத் தின்ற மீன்களுள் பல தூண்டிலில் அகப்படாமல் நீந்திப் போய்விட்டன! வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் சுவிசேஷப் பிரசாரத்துக்குப் போவதைவிட அரசாங்க உத்தியோகத்துக்குப் போவதையே விரும்பினர். பலர் படித்த பின்னும் சைவராகவே இருந்தனர். பாஸ்டனில் இருந்த தலைமைச் சங்கத்தின் காரியதரிசி ரூபஸ் ஆண்டர்சன், மிஷன் பணம் மதப் பிரசாரத்துக்கே அன்றிக் குமாஸ்தாக்களை உற்பத்தி செய்வதற்கு அல்ல என்ற கொள்கையுடையவர். அவர் நேரில் வந்து பார்வையிட்டதன் பின், 1855இல் செமினரி மூடப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் நடந்த கலாசாலை, ஆசியாவிலேயே பேர்பெற்றது, அதைக் கட்டியவர்களே பூட்டிவிட்டார்கள். பழைய மாணாக்கரும் ஊராரும் முயன்றதன் பேரில் 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது.

ரூபஸ் ஆண்டர்சனை நாம் பழிக்க விரும்பவில்லை. ஒரு விதத்தில் அவர் யோக்கியர். தமக்கு வேண்டியது இன்னது, அது கிடைக்கவில்லை, ஆகையால் கடையைக் கட்டுகிறோம் என்றார். அவர் கண்டுகொள்ளாதது ஒன்று உண்டு. கல்வி என்னும் பொருள், கொடுத்தவன் கருத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கும் பொருள் அன்று. நெல்லைக் கொடுத்தால் கொடுத்த அளவு குறையும். நிலத்தைக் கொடுத்தால் பத்திரத்தில் நிபந்தனை எழுதலாம். எழுத்தைக் கொடுத்தவன், அதைக்கொண்டு எந்தப் புஸ்தகத்தைப் படிக்கலாம் என்று நிபந்தனை எழுத முடியாது. ஆகவே, மிஷன் பள்ளி எந்த நோக்கத்தோடு கல்வி கொடுத்தது என்ற கேள்வி, கொடுத்தவனை எடைபோடுவதற்கு உதவும். கல்வியை எடைபோடுவதற்கு உதவாது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் நெடுங்காலம் தலைவராயிருந்த வில்லியம் மில்லர் இதை ஒருவாறு உணர்ந்தவர். ஆள்களை எண்ணுவது கல்லூரியின் வேலையன்று, நற்பண்புகள் நாட்டில் பரவினால் போதும் என்பது அவர் கட்சி. அதற்காக அவருடைய சபையாருள்ளேயே அவரைக் குறைகூறினவர் உண்டு.

கொடுத்தவன் கருத்துக்குக் கல்வி கட்டுப்படாது என்பதற்கு ஆறுமுக நாவலரைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அவர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்தவர்; அங்கேயே உபாத்தியாயராகவும் இருந்தவர்; பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் தமிழ் உதவியவர். 1848இல் அப்பதவியை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஏற்படுத்தினார். அச்சியந்திரம் வாங்கினார், பாலர்களுக்குப் படிப்படியாகப் பாடப் புஸ்தகங்கள் எழுதினார், வசன நடையில் சமயத்தை விளக்கினார், மேடையில் நின்று பிரசங்கம் செய்தார். வகுப்பு, பாடப் புஸ்தகம், அச்சு, பிரசங்கம் ஆகிய இவையாவும் பாதிரிமாரிடம் கண்ட முறைகள். எதிரியின் ஆயுதத்தை அவன் கையிலிருந்தே கற்றுக்கொண்டு அவனை எதிர்த்த தீரத்தை நாம் மெச்சுகிறோம். ஆயினும், அம்முறைகள் யாவற்றையும் எடுத்துக்கொண்ட நாவலர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஜாதி வரிசையை அவர் கலைக்கவில்லை; அது சாஸ்திர சம்மதம் என்றே கொண்டார். அவர் பள்ளியின் திண்ணையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை.

இங்கேதான் நமது கட்டுரையின் உயிர்நிலை இருக்கிறது. பெஞ்சு என்று நாம் சொல்வது மரச்சாமானை அன்று. உழவன் மகனும் மிராசுதார் மகனும் தோளோடு தோள் உரச உட்காரும் நான்கடி இடத்தைச் சொல்கிறோம். மிஷன் பள்ளியில் ஏதேனும் தனிப்பட்ட மதிப்பு இருந்ததென்றால் அது இதில்தான் இருந்தது. ஆங்கிலத்தை அரசாங்கப் பள்ளியும் கற்பித்தது. கணிதத்தை நமது திண்ணைப் பள்ளி அதைவிடக் கூர்மையாகக் கற்பித்தது. ஒழுக்கத்தைப் போதிக்க நமக்கு நீதி நூல்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. நான்கடி இடத்தில் இன்னார் மகன் என்று கேளாமல் பிள்ளையை உட்கார வைக்கும் துணிவுதான் நம்மிடம் இல்லாதிருந்தது.

அத்துணிவுக்கு ஒரு சம்பவம் சொல்வோம். 1837இல் ஸ்காத்லாந்துச் சபையின் சார்பாக ஜான் ஆண்டர்சன் என்பவர் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். (மேலே கூறிய ஆண்டர்சன் வேறு, இவர் வேறு.) பிற்காலத்துக் கிறிஸ்தவக் கல்லூரி அந்த வேரிலிருந்து வளர்ந்ததே. படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் மேல்ஜாதிப் பிள்ளைகள். மறு வருஷம், தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிறுவர் சிலர் அப்பள்ளியில் இருப்பது தெரியவந்தது. உடனே கூச்சல் எழுந்தது. அவர்களை நீக்கவேண்டும், அல்லது தனிப் பெஞ்சிலாவது உட்கார வைக்கவேண்டும் என்று கேட்டார்கள். ஆண்டர்சன் இரண்டுக்கும் இணங்கவில்லை. மாணாக்கர் பலர் வெளியேறினர். புதிதாய்த் தொடங்கிய பள்ளிக்கூடம். பிள்ளைகள் குறைந்தால் ஊரில் பெயர் கெடும். கடல் கடந்து பணம் அனுப்புகிறவர்களுக்கு என்ன பதில் எழுதுவது? "தனிப் பெஞ்சு தானே, போட்டுவிட்டால் என்ன? உள்ளே இருக்கிறார்களல்லவா?" என்று சமாதானம் செய்துகொள்ள எத்தனையோ வழிகள் இருந்தன. அவர் அவ்வழிகளில் போகவில்லை. சென்றவர்களுள் பலர் பின்னர்த் திரும்பி வந்தனர் என்பது வேறு விஷயம். திரும்பி வராதிருந்தாலும் அச்செயலின் பெருமை குறைந்திருக்காது.

ஆனால் எல்லாப் பாதிரிமாரும் அப்படி நடந்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. தமிழ்நாட்டுத் தேவாலயங்களிலேயே ஜாதிக்கொரு பக்கம் பாய் விரிக்கும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. ஆங்கிலச் சபையின் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஜாதி வேற்றுமையைச் சபையிலிருந்து அகற்ற வேண்டுமென்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கிறிஸ்தவர்களே எதிர்த்துக் கிளம்பினர். ஞானப்பாடல்களால் பேர்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் அவ்வெதிர்ப்பில் முன்னணியில் நின்றார். யாழ்ப்பாணத்தில் மிஷன் பாடசாலைகள் சிலவற்றிலும்கூட ஒடுக்கப்பட்ட ஜாதிப் பிள்ளைகள் தரையிலோ தாழ்ந்த பலகையிலோ உட்கார வைக்கப்பட்டனர். 1929இல், உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று இலங்கைக் கல்விப் பகுதியார் உத்தரவிட்டனர். மறு ஆண்டு யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் சில தீக்கு இரையாயின. பள்ளிக்கூடத்தைக் கொளுத்தினாலும் கொளுத்துவோமே தவிர அவனோடு ஒரு பெஞ்சில் உட்காரோம் என்று கிளம்பினவர்கள் படியாத காட்டுமிராண்டிகள் அல்லர். கல்வியில் தமிழுலகத்துக்கே வழிகாட்டிகள் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட சமூகத்தார்! ஆக, மிஷனின் உயர்ந்த மதிப்பு எது என்பதில் மிஷனுக்குள்ளேயே ஒற்றுமை இருந்ததில்லை. பள்ளிக்குப் பள்ளி, தலைமையாசிரியருக்குத் தலைமையாசிரியர் அது மாறியது.

இனி மலாயாவுக்கு வருவோம். மெதடிஸ்டு மிஷன் 1885இல் சிங்கப்பூர் வந்தது. அதை நடத்தி வந்த வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர் என்பதைப் பலர் அறியார். அவர் 1886இல் சிங்கப்பூரில் ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். கோலாலம்பூரில் மெதடிஸ்டு ஆண்கள் பள்ளி 1897இல் தொடங்கப்பட்டது. கத்தோலிக்கக் கன்னியர் 1899இல் புக்கிட் நானாஸ் கான்வெண்டையும், லசால் சகோதரர்கள் 1904இல் செயின்ட் ஜான்ஸ் பள்ளியையும் ஏற்படுத்தினர். கிள்ளானில் இன்று மெதடிஸ்டுப் பெயரோடு விளங்கும் ஆங்கிலோ-சீனப் பள்ளி தன் தொடக்கத்தை 1893 என்று கணக்கிடுகிறது. பெயரில் ஆங்கிலேயனும் சீனனும் இருக்கிறார்கள். உள்ளே தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். பெயர்ப் பலகையில் இடம் பெறாமல் பெஞ்சில் மட்டும் இடம் பெறுவது தமிழனுக்கு எங்கும் வழக்கமாய்விட்டது போலும்.

இப்பள்ளிகளில் சீனனும், தமிழனும், மலாய்க்காரனும், யுரேஷியனும், சீக்கியனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து படித்தனர். யாழ்ப்பாணத்தில் நெருப்பு வைக்க வேண்டியிருந்த விஷயம் இங்கே பேச்சுமூச்சின்றி நடந்தேறிவிட்டது. இதைக் கண்டு மலாயாவின் மிஷன் பள்ளிகளை வாய் ஓயாமல் புகழ்வோர் உண்டு. நாமும் புகழத் தயாராக இருக்கிறோம். ஆனால் ஏன் அவ்வளவு எளிதில் நடந்தது என்று சிறிது யோசிக்க வேண்டாமா? அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த தமிழ்ப் பிள்ளைகள் யார்? ரயில்வே குமாஸ்தாவின் மகன், ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் மகன், செட்டியார் கடைக் கணக்கரின் மகன், தோட்டத்துப் பெரிய கிராணியின் மகன். மாதச் சம்பளம் கட்டக்கூடியவர்கள். பட்டணத்தில் இருப்பவர்கள், அல்லது பட்டணத்தில் உறவினர் வீடு உள்ளவர்கள். லயத்தில் பிறந்த பிள்ளை அங்கே இல்லை. ஏற்றத்தாழ்வு உள்ளவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் அது சமத்துவம். தாழ்ந்தவன் என்று கருதப்படுகிறவன் வராத இடத்தில் பெஞ்சு ஒன்றாயிருப்பதில் பெரிய அதிசயம் என்ன?

லயத்துப் பிள்ளைக்குத் தோட்டப் பள்ளி இருந்தது. 1923ஆம் வருஷத்துத் தொழிற் சட்டத்தின்படி, 7 முதல் 14 வயதுக்கு உட்பட்ட ஓர் இனத்துப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும். சட்டம் வந்தது, கட்டடம் வந்தது என்று சொல்வதற்கில்லை. மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் பிள்ளை மடுவத்தின் ஒரு மூலையிலும் பள்ளிகள் நடந்தன. உபாத்தியாயர் என்று தனியே ஒருவரை வைக்காமல், எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ தம் வேலை ஒழிந்த நேரத்தில் நாலு எழுத்துச் சொல்லிக் கொடுத்த தோட்டங்கள் அநேகம். நான்காம் வகுப்போடு பெரும்பாலும் முடிந்தது. அதற்கு மேல் பால்வாளி காத்திருந்தது. கிள்ளானில் பெஞ்சு, தோட்டத்தில் தரை. பட்டணத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலுள்ள பத்துப் பதினைந்து மைல், யாழ்ப்பாணத்துத் தாழ்ந்த பலகை செய்த வேலையைச் செய்துவிட்டது.

கிராணிமாரைப் பற்றி இவ்விடத்தில் சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். நாமும் அந்த நாற்காலியில் இருந்துகொண்டே எழுதுகிறோமாகையால், பிறர் எழுதினால் வரும் மனத்தாங்கல் இதனால் வராது என்று நம்புகிறோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியச் சங்கத்தின் சார்பில் ஆர். எச். நாதன் என்பவர் முன்னின்றார். அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். தம் பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி கேட்டார்கள். அத்தோடு, கொடுமை செய்யும் ஆசியச் சிப்பந்திகளை நீக்கித் தமிழ் பேசுகிறவர்களை வைக்கவேண்டும் என்றார்கள். துரைக்கு எதிரிலும் சிப்பந்திகளுக்கு எதிரிலும் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓட்டிச் செல்ல அனுமதி வேண்டும் என்றும் கேட்டார்கள்.

இந்தக் கடைசிக் கோரிக்கையை வாசகர்கள் மறுபடியும் ஒரு முறை படிப்பார்களாக. ஒரு மனிதன் தன் சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்தபடி மற்றொரு மனிதனைக் கடந்து செல்ல, வேலைநிறுத்தம் செய்து அனுமதி பெறவேண்டியிருந்தது! யாருக்கு முன்னால்? துரையை விடுவோம், அவன் ஆள வந்தவன். காரியாலயத்துச் சிப்பந்திகளோ ஆங்கிலப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள். அவர்களுள் மிஷன் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் குறைவல்லர். எல்லா மனிதரும் ஒரே தேவனின் பிள்ளைகள் என்று காலைதோறும் பாட்டுப் பாடிய பள்ளிகள் அவை. சீனனோடும் மலாய்க்காரனோடும் தோள் உரச உட்கார்ந்தவர்கள் அவர்கள். அப்படி உட்கார்ந்தவர்களுக்கு எதிரில், தம் மொழியே பேசும் மனிதன் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தது. தொழிலாளர் அவர்களைக் கறுப்பு வெள்ளைக்காரர் என்று அழைத்ததில் வியப்பென்ன? நாவலர் மிஷன் பள்ளியிலிருந்து வகுப்பையும் அச்சையும் எடுத்துக்கொண்டு பெஞ்சை விட்டுச் சென்றார். மலாயாவின் கிராணி உத்தியோகத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சை விட்டுச் சென்றான். ஒருவர் வைதிகர், மற்றவன் நாகரிகன். விட்டுச் சென்ற பொருள் ஒன்றே.

இதற்குப் பள்ளிக்கூடம் என்ன செய்யும் என்று கேட்கலாம். பள்ளிக்கூடமும் ஓரளவு பொறுப்பாளியே என்பது நமது கட்சி. பெஞ்சில் ஒன்றாக உட்கார வைத்தது. அது ஏன் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பரீட்சையில் எத்தனை பேர் தேறினர் என்பதைப் பலகையில் பொன்னெழுத்தில் எழுதியது. தேறினவன் தன் ஊரில் என்ன செய்கிறான் என்பதை எங்கும் எழுதவில்லை. உத்தியோகச் சந்தையில் விலைபோகும் சரக்கைக் கொடுக்கும் வரை பெற்றோர் பள்ளியைக் கொண்டாடினர். அக்கொண்டாட்டத்தையே தன் வெற்றி என்று பள்ளியும் எடுத்துக்கொண்டது. ரூபஸ் ஆண்டர்சன் இதைக் கண்டால் மறுபடியும் பூட்டோடு வந்திருப்பார். ஆனால் அப்பொழுதும் தவறான காரணத்துக்காகவே பூட்டியிருப்பார்.

காலம் மாறியது. 1956இல் ரசாக் அறிக்கையும், 1961இல் கல்விச் சட்டமும் வந்தன. மிஷன் பள்ளிகள் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளாயின. 1970இல் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கிலம் விலகி மலாய் பாடமொழியாயிற்று. இன்று பெரும்பாலான இடங்களில் நிலம் சபையினுடையது; உபாத்தியாயரும் பாடத்திட்டமும் அரசாங்கத்தினுடையவை. சிலுவைச் சின்னமும் இலத்தீன் வாசகமும் சட்டைப்பையில் மிஞ்சியிருக்கின்றன. பழைய மாணவர் சங்கத்தார் கூடும்போதெல்லாம் பள்ளியின் பாரம்பரியப் பண்பு அழிகிறது, அதைக் காக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். நாம் அவர்களைக் கேட்பது ஒன்றே: எந்தப் பண்பு? ஆங்கில உச்சரிப்பா, கிரிக்கெட்டா, ஆண்டு விருந்தா? அவை அழிந்தால் அழியட்டும். அவற்றுக்காக எலிசா ஆக்னியூ உடுவிலில் நாற்பது வருஷம் இருக்கவில்லை.

மிஷனின் பழைய உயிர் இன்று வேறிடத்தில் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. மியன்மாரிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு மலேசியாவின் அரசாங்கப் பள்ளிகளில் இடம் இருந்ததில்லை. கோலாலம்பூரிலும் சுற்றுப்புறங்களிலும் கடைவீட்டு மாடிகளில் அவர்களுக்கென நடக்கும் கற்றல் நிலையங்களில் சிலவற்றைச் சபைகள் நடத்துகின்றன. பெயர்ப் பலகை இராது. பொன்னெழுத்துப் பலகை இராது. பரீட்சைச் சான்றிதழும் எளிதில் கிடையாது. அங்கே படித்தவனுக்கு உத்தியோகம் கொடுக்க எந்தத் துரையும் காத்திருக்கவில்லை. கைம்மாறு கருதாத கல்வி என்று எதையேனும் சுட்டிக் காட்டச் சொன்னால், நாம் மணிக்கூண்டு வைத்த பழைய கட்டடத்தைக் காட்டாமல் அந்த மாடிப்படியைக் காட்டுவோம்.

ஆயினும் பழைய கட்டடங்களுக்கும் வேலை இல்லாமற் போய்விடவில்லை. இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் இன்று செம்பனைக் குலை வெட்டுவோர் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர். குடும்பத்தை அழைத்து வரலாகாது என்பது அவர்களுடைய அனுமதியின் நிபந்தனை. ஆகையால் நாம் எழுதும் பெயர்ப் பட்டியலில் ஆள் உண்டு, பிள்ளை இல்லை. முன்பு லயத்தில் இருந்த தமிழர்களுடைய பேரப்பிள்ளைகள் வீடமைப்புத் திட்டங்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிவிட்டனர். அவர்கள் தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டு படித்து இடைநிலைப் பள்ளிக்கு வருகிறார்கள். மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லாத பிள்ளையைப் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருத்துவது நெடுங்கால வழக்கம். அந்த வகுப்பு எத்தனையோ பள்ளிகளில் கட்டடத்தின் கடைசி மூலையில் இருந்திருக்கிறது. புதிதாக வந்த, அனுபவமில்லாத ஆசிரியரே அதற்கு வாய்ப்பர். அங்கிருந்து மூன்றாம் படிவத்துக்குள் காணாமற் போன பையன்களை நாம் அறிவோம். சிலர் தொழிற்சாலை வாயிலில் நிற்கிறார்கள், சிலர் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்ல அவர்கள் தாய்மார் விரும்புவதில்லை.

சிலுவைச் சின்னம் தாங்கிய பள்ளியிலும் அந்த வகுப்பு கடைசி மூலையில்தான் இருக்கிறதா? அதற்கு முதல்தரமான ஆசிரியரைக் கொடுக்கத் தலைமையாசிரியருக்கு மனம் இருக்கிறதா? சங்கத்தார் மண்டபத்துக்குக் குளிர்சாதனம் பொருத்தச் சேர்க்கும் நிதியில் ஒரு பங்கை, அப்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தவும், வகுப்பு முடிந்து தெலுக் பங்லிமா காராங்கிற்குத் திரும்பும் பஸ் கட்டணத்துக்கும் ஒதுக்குவார்களா? அரசாங்கத்தின் அனுமதியை எதிர்பார்க்க வேண்டியதில்லை; பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை; யாரையும் எந்த மதத்துக்கும் அழைக்க வேண்டியதுமில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையைப் படித்த பின், புகுமுக வகுப்பில் இவ்வாண்டு எத்தனை பிள்ளைகள், போன ஆண்டு இருந்தவர்களுள் எத்தனை பேர் இன்னும் பள்ளியில் இருக்கிறார்கள் என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் போதும். அந்த எண்ணைக் காரியதரிசி கையில் வைத்திருக்கிறாரா என்பது அப்பொழுதே தெரிந்துவிடும்.